சுகாதார இலாகா சுட்ட கோழி

விதி இதுதான்: பச்சைக் கோழி இருந்த பாத்திரத்தில் வெந்த கோழியை வைக்கக் கூடாது. தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல், வெப்பமானியைக் குத்திப் பார்க்க வேண்டும். எழுபத்தைந்து டிகிரி காட்டாத கோழியை அடுப்பிலிருந்து இறக்கக் கூடாது.

எங்கள் சுற்றறிக்கையில் இது ஏழாவது பத்தி. மூன்று மொழிகளிலும் ஸ்டென்சில் வெட்டியவன் நான். கிள்ளான் வட்டாரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை பாக்கியில்லாமல் அதை ஒட்டினோம். ஒட்டாமல் விட்ட இடம் ஒன்றே ஒன்று. எங்கள் அலுவலகம். நமக்கு எதற்கு என்று நினைத்தோம்.

நான் அப்போது ஒரு நகராண்மைக் கழகத்தின் சுகாதார இலாகாவில் தலைமைக் குமாஸ்தா. எந்த நகராண்மைக் கழகம் என்று கேட்காதீர்கள். அங்கே இன்னும் என் ஓய்வூதியக் கோப்பு இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மோரிப்பில் ஒரு ஞாயிறு

பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலாகாவின் குடும்ப தினத்தை மோரிப் கடற்கரையில் வைத்தோம். கடல் வற்றி, கண்ணுக்கெட்டிய தூரம் சேறு மின்னிக்கொண்டிருந்தது. சவுக்கு மர நிழலில் தகர டிரம்மை நெடுக்காகப் பிளந்து, கரி கொட்டி, மேலே கம்பி வலை போட்டிருந்தோம்.

அடுப்புக்கு அதிபதி துரைசிங்கம். எங்கள் மூத்த சுகாதார அதிகாரி, யாழ்ப்பாண வம்சம். ஓர் ஈ உட்கார்ந்ததற்காக மீ கோரிங் நூடுல்ஸ் கடையை மூடிய மனிதர். கடைக்காரர்களின் நகத்தை டார்ச் அடித்துப் பார்ப்பார். யாரையும் 'ஐசே' என்றுதான் கூப்பிடுவார். அன்று அரைக்கால் சட்டையும் இடுப்பில் துண்டுமாக, கையில் இடுக்கியுடன் நின்றார்.

கோழி எல்லாம் ஒரு பெரிய நீல பிளாஸ்டிக் பேசினில், மஞ்சளும் மிளகாய்த்தூளும் தயிருமாக ஊறிக் கிடந்தது. முதல் ஈடு வெந்து கறுத்தது. கறுத்தது என்பதை வெந்தது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

"சார், வெந்தத எதில போடறது?" என்று கேட்டேன்.

"அந்த பேசினிலேயே போடும்."

"அது பச்சக் கோழி ஊறின பேசின் சார். தண்ணி இன்னும் அடியில நிக்குது."

"மஞ்சள் போட்டு ஊறின தண்ணி ஐசே. மஞ்சளுக்குத் தப்புற கிருமி இருக்கே? வேற ஏனம் எடுத்தா ஆர் கழுவுறது, நீரா?"

நான் கழுவ விரும்பவில்லை. போட்டேன்.

துரைசிங்கத்தின் மனைவி, பெட்டாலிங் ஜெயாவில் பள்ளி ஆசிரியை, ஒரு தொடையைப் பிய்த்துப் பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தார். "இஞ்ச பாருங்கோ, எலும்போட உள்ளுக்க சிவப்பாக் கிடக்கு."

"அது மிளகாய்த்தூள்."

"எலும்புக்குள்ள ஆர் மிளகாய்த்தூள் போட்டது?"

"சும்மா சாப்பிடும். இஞ்ச நிக்கிற அவ்வளவு பேரும் ஹெல்த் ஆக்கள்."

அவர் சாப்பிடவில்லை. நாங்கள் சாப்பிட்டோம். ருசியாகத்தான் இருந்தது, அதை இன்றும் மறுக்க மாட்டேன். பேசினின் அடியில் மிஞ்சிய மசாலாத் தண்ணீரை மேலே தெளித்தும் சாப்பிட்டோம்.

மலாய் நண்பர்கள் ஹலால் காரணமாக அந்தக் கோழியைத் தொடவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த தேங்காய்ப்பால் சோற்றை, நாசி லெமாக்கை, பிரித்து, சற்றுத் தள்ளிப் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். திங்கட்கிழமை இலாகா திறந்திருந்ததற்கு அவர்கள்தான் காரணம்.

வெப்பமானி ஏன் வரவில்லை

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை சொல்லியாக வேண்டும். கோழியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி எங்களிடம் இருந்தது. வெளிநாட்டுச் சரக்கு, வெல்வெட் பெட்டியில் வந்தது. வந்த நாள் முதல் அது ஒரு கோழியையும் பார்த்ததில்லை. தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் யாரும் அதை வெளியே எடுக்கவில்லை. பண்டக அலமாரியின் மேல் தட்டில், என் பொறுப்பில், புது மாப்பிள்ளை மோதிரம் மாதிரி மினுமினுத்துக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் துரைசிங்கம் என் மேசைக்கு வந்து அதைக் கேட்டார். நியாயமாகப் பார்த்தால் கேட்டதே பெரிய விஷயம். நான் படிவத்தை நீட்டினேன். 'பெறுபவர்' என்ற இடத்தில் கையெழுத்திட்டார். 'அனுமதிப்பவர்' என்ற இடத்திலும் கையெழுத்திட்டார், இலாகாத் தலைவர் அவர்தான் என்பதால்.

"சார், வாங்குறவரும் அனுமதி குடுக்கறவரும் ஒரே ஆளா இருக்கக் கூடாது."

"அப்ப ஆர் அனுமதி தாறது?"

"செயலாளர். அவர் கோலாலம்பூர் போயிருக்கார். திங்கட்கிழமை வருவார்."

"திங்கட்கிழமை கோழி இருக்காது ஐசே."

"அதோட, இது அலுவல் காரியமும் இல்ல சார். பிக்னிக்."

பதிவேட்டில் 'படிவம் முறைப்படி இல்லை. வழங்கப்படவில்லை' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, அலமாரியைப் பூட்டினேன். அன்று மாலை பிரிக்பீல்ட்ஸில் இருந்த என் வீட்டுக்கு ரயிலில் திரும்பியபோது என் மனம் மிகத் திருப்தியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு கழிப்பறைகள்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் பதினொரு பேர். இருந்தது இரண்டு கழிப்பறை. அதிகாரிகள் கழிப்பறைக்குப் பூட்டு உண்டு. பதிவேட்டில் கையெழுத்திட்டுச் சாவி வாங்க வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்தவனும் நான்தான். அன்று யாரும் கையெழுத்திடவில்லை. நானும் இடவில்லை.

சட்டப்படி உணவு நஞ்சுச் சம்பவத்தை யாராவது அறிவிக்க வேண்டும். யாருக்கு? எங்களுக்கு. யார் அறிவிப்பது? நாங்கள். அனுப்புநர் பெறுநர் இரண்டும் ஒரே முகவரியாக ஒரு படிவத்தை நிரப்பியபோது என் நெற்றியில் குளிர் வியர்வை நின்றது. விதி மீறலால் அல்ல, வயிற்றால்.

ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டுமே. பதினொரு சிறு புட்டிகள் என் மேசையில் வந்து நின்றன. ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டி, பதவி வரிசைப்படி அடுக்கினேன். துரைசிங்கம் முதல், நான் மூன்றாவது. பியூன் அதைத் தூக்கிப்போகும்போது முகத்தை எட்ட வைத்துக்கொண்டு, "பெரிய மனுசங்க பாட்டில்டா சாமி" என்று முணுமுணுத்தான்.

மருத்துவர் எனக்கு மறுநாள் ஒரு நாளுக்கு எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, கொடுத்தார். துரைசிங்கத்துக்கு மூன்று நாள்.

பாக்கியத்தின் கடை

புதன்கிழமை நான் வேலைக்குத் திரும்பியபோது முகப்பில் பாக்கியம் நின்றிருந்தார். கிள்ளான் பாசாரில், அதாவது சந்தையில், கோழிக் கடை. எங்கள் பிக்னிக் கோழியை அவரிடம்தான் வாங்கினோம். பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் என்பதால் குமாஸ்தாக்கள் எல்லாருமே அவருக்குக் கிராணிதான். கையில் ஒரு காகிதம். விசாரணை முடியும் வரை அவருடைய உரிமம் நிறுத்தி வைக்கப்படுகிறது என்றது அது. மூன்று மாதம் மூடிக் கிடந்தால் கடை நகராண்மைக் கழகத்துக்குத் திரும்பிவிடும் என்பது வேறு விதி. அதையும் கீழே சிறிய எழுத்தில் சேர்த்திருந்தார்கள்.

"கிராணி, நீயே சொல்லு," என்றார். "நான் என்ன வித்தேன்?"

"கோழி."

"சமைச்ச கோழியா, பச்சக் கோழியா?"

"பச்சக் கோழி."

"ஒங்க முன்னாலதானே அறுத்துக் குடுத்தேன்? றெக்க இன்னும் சூடா இருந்துச்சு. அத வேக வைக்கத் தெரியாதது எங் குத்தமா? தீவாளி வருதுலா. கடைய பூட்டிட்டு நான் எங்க போவேன்? பொறந்த தோட்டம்கூட இப்ப இல்ல, வீட்ட இடிச்சி செம்பனை நட்டுட்டான்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. நான் காகிதத்தை வாங்கி மறுபடி படித்தேன். கையெழுத்து துரைசிங்கத்தினுடையது. தேதி செவ்வாய்க்கிழமை. பியூன் பெட்டாலிங் ஜெயா வரை போய், அவர் வீட்டில் கையெழுத்து வாங்கி வந்திருக்கிறான்.

செவ்வாய்க்கிழமை அவர் எம்சியில் இருந்தார்.

வாழ்க்கையில் சில காகிதங்கள் நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கும். எம்சியில் இருக்கும் அதிகாரி எந்த உத்தரவிலும் கையெழுத்திட முடியாது. மீறி இட்டால் உத்தரவு செல்லாது. நான் அந்தக் காகிதத்தையும் எம்சி சீட்டின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செயலாளர் என்சிக் ஹமீதிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெத்துல் கா?" என்று மலாயில் கேட்டார், உண்மையா என்று.

"பெத்துல், துவான்." உண்மைதான் ஐயா என்றேன்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு 'ரத்து' என்று எழுதி, முத்திரை எடுத்துச் சாப்பு குத்தினார். பாக்கியத்தின் கடை வியாழக்கிழமை திறந்தது.

திறந்த கடை, வராத கூட்டம்

இத்துடன் காரியம் முடிந்தது என்று நினைத்தேன். கடை திறந்ததே தவிர, ஆள் வரவில்லை. பாசாரில் பக்கத்துக் கடைக்காரன் வாயை யார் மூடுவது? "சுகாதார ஆபீசையே படுக்க வச்ச கோழிலா அது. நீங்க சாதாரண ஆளு, தாங்குவீங்களா அண்ணே?" என்று சொல்லிச் சொல்லியே தன் கோழியை விற்றான்.

போதாக்குறைக்கு ஆய்வுக்கூட முடிவு வந்தது. எங்கள் புட்டிகளில் இருந்த அதே கிருமி பாக்கியம் கடைக் கோழியிலும் இருந்ததாம். துரைசிங்கம் தாளை என் முகத்துக்கு முன் ஆட்டினார். "பார்த்தீரே? அவளின்ர கோழிதான்."

"சார், பக்கத்துக் கடைக் கோழியிலயும் மாதிரி எடுத்துப் பார்த்தாங்களா?"

"ஏன்?"

"அதுலயும் இருக்கலாம். பச்சக் கோழின்னா கிருமி இருக்கும்னு நெனச்சுத்தானே ஏழாவது பத்திய எழுதினோம். இல்லன்னா வேக வைக்கச் சொல்லி ஊரெல்லாம் ஏன் ஒட்டினோம்?"

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் இந்தப் பாடத்தை நான் ஏற்கெனவே வாங்கியிருந்தேன். ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த மிதப்பில், பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவினால் கிருமி தெறித்துச் சமையலறை முழுக்கப் பரவும், கழுவாமலே சட்டியில் போடு என்று என் மனைவி சரஸ்வதியிடம் சொன்னேன்.

"கழுவாத கோழிய நீங்களே ஆக்குங்க, நீங்களே தின்னுங்க. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்," என்றாள்.

நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. குழாயைத் திறந்துவிடாமல், ஆழமான சட்டியில், தெறிக்காமல் ஒரு அலசு. பிறகு தொட்டியிலும் கத்தியிலும் பலகையிலும் சோப்பும் கொதிநீரும். கோழி நறுக்கிய பலகை வெங்காயத்தின் பக்கமே போகக் கூடாது. அவள் அதைக் கடைப்பிடித்தாள். சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்த நான்தான் மோரிப்பில் அந்த நீல பேசினில் கோழியைப் போட்டேன். எம்சி நாளில் கட்டிலில் சுருண்டு கிடந்தபோது அவள் கஞ்சியோடு வந்து இதை நினைவுபடுத்தினாள். மெதுவாக அல்ல.

ஒரு கடிதம், இரண்டு பிரதிகள்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கையில் பாக்கியம் மறுபடி முகப்புக்கு வந்தார். கூண்டில் கோழி தின்றுகொண்டே இருக்கிறது, வாங்கத்தான் ஆளில்லை என்றார்.

"கடையத்தான் தொறந்து குடுத்துட்டேனே அக்கா."

"கடைய தொறந்த. எம் பேர பூட்டி வச்சிட்டீங்களே. எங் கோழி மேல தப்பில்லன்னு எழுதிக் குடு. சாப்பு குத்திக் குடு. நான் கடையில மாட்டிக்கறேன்."

"அத நான் எழுத முடியாது. மேலிடம்தான் எழுதணும்."

"மேலிடத்துக்கு யாரு எழுதறது?"

யார் எழுதுவது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. அன்று மாலை எல்லாரும் போன பிறகு தட்டச்சு இயந்திரத்தின் உறையை எடுத்தேன். எம்சி தந்திரம் போல் இது சுலபமில்லை. அதில் என் பெயர் எங்கும் இல்லை. இதில் பேசினைப் பற்றி எழுத வேண்டும்; வெந்ததை அதில் போட்ட கை யாருடையது என்று எழுத வேண்டும்; வெப்பமானி எங்கே இருந்தது, ஏன் வரவில்லை என்றும் எழுத வேண்டும். எழுதினேன். பண்டகப் பதிவேட்டின் நகலை இணைப்பு மூன்றாக வைத்தேன். 'வழங்கப்படவில்லை' என்ற என் அழகான கையெழுத்தைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. ஓய்வூதியம் போனாலும் போகட்டும் என்று நினைத்தேன் என்று எழுத ஆசைதான்; உண்மையில் போய்விடக் கூடாதே என்றுதான் நினைத்தேன்.

புகாரில் பெயர் வரும் அதிகாரிக்கு ஒரு பிரதி தர வேண்டும் என்பது விதி. அவர் விடுப்பில் இருந்தால் வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். துரைசிங்கம் அந்த வாரம் தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் பூச விடுப்பு எடுத்திருந்தார். அவர் ஏணியில் நிற்கும்போது தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்குவது யார் என்பதை நான் யோசிக்கவே இல்லை என்று இங்கே சத்தியம் செய்ய மாட்டேன்.

விடுப்பு முடிந்து வந்தவர் நேராக என் மேசைக்கு வந்தார். காதோரம் இன்னும் மஞ்சள் சாயம்.

"ஏன் ஐசே வீட்டுக்கு அனுப்பினீர்?"

"நீங்க லீவுல இருந்தீங்க சார்."

"என்ர மனிசி பிரிச்சு வாசிச்சிட்டா."

"அதத் தடுக்க நம்மகிட்ட விதி இல்லையே சார்."

"இணைப்பு எட்டும் வாசிச்சிட்டா! சிவப்பு மை எடுத்துப் பிழை திருத்தி வச்சிருக்கிறா. என்ர பிழைய, உம்மடய இல்லை."

சனிக்கிழமை பாசார்

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை நான் பாசாருக்குப் போனேன். பாக்கியத்தின் கடை வெறிச்சோடிக் கிடந்தது. பக்கத்துக் கடையில் கூட்டம். அப்போது பட்டுச் சேலையில், கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு, ஈரத் தரையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார் திருமதி துரைசிங்கம். பின்னால் பிளாஸ்டிக் கூடையோடு துரைசிங்கம்.

அந்த அம்மா பாக்கியத்தின் கடை முன் நின்றார். முப்பது வருடம் பின் பெஞ்சுவரை கேட்கப் பேசிய குரல் அது.

"நாலு கோழி தாங்கோ. நல்ல பெரிசாப் பார்த்து."

பாக்கியம் அவருக்குப் பின்னால் நின்ற முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "அம்மா, எங் கோழியா? வேணாம்மா. அப்புறம் ஐயாவுக்கு வயிறு..."

"கோழியில ஒரு பிழையுமில்லை. இவர் சுட்டதிலதான் பிழை. உள்ளுக்க சிவப்பாக் கிடக்கெண்டு நான் அண்டைக்கே சொன்னனான். பச்சைக் கோழி கிடந்த ஏனத்துக்கயே திரும்பவும் போட்டுத் திண்டவை. ஊருக்கெல்லாம் நோட்டீஸ் ஒட்டுற ஆக்கள்!" பிறகு திரும்பி, "என்னப்பா, நான் சொல்லுறது சரிதானே?"

பக்கத்துக் கடையில் நறுக்கிக்கொண்டிருந்த கத்தி நின்றது. துரைசிங்கம் கூடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"சரிதான்," என்றார்.

"கேக்கேல்ல."

"சரிதான் எண்டுறன்!"

கூட்டம் இந்தப் பக்கம் நகர ஆரம்பித்தது. பாக்கியம் கத்தியைத் தீட்டினார். அவருக்கு வாய் திரும்பிவிட்டது. ஒவ்வொரு கோழியோடும் ஒரு உத்தரவும் கொடுத்தார்: "நல்லா வேக வைங்கண்ணே. தொடையில குத்திப் பாருங்க. பச்சத் தட்டு வேற, வெந்த தட்டு வேற. வேகாமத் தின்னுட்டு எங்கிட்ட வராதீங்க, பெரிய ஆபீஸ்காரங்களே வந்து தோத்துட்டாங்க." ஏழாவது பத்தியை இத்தனை பேர் கேட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தீபாவளிக்கு முதல் நாள் மதியத்துக்குள் கூண்டு காலி.

மேலிடம் சொன்னது

என் கடிதத்துக்கு மட்டும் பதிலே இல்லை. நினைவூட்டல் ஒன்று அனுப்பினேன். முதல் கடிதத்தின் நகலை இணைக்கச் சொல்லி ஒரு குறிப்பு வந்தது. இணைத்தேன். பிறகு மழைக்காலம் வந்தது.

பதில் வந்தபோது ஒரே பக்கம், மூன்று பத்தி. விற்பனையாளர் மீது குற்றமில்லை. மூத்த அதிகாரி அன்று அலுவலில் இல்லை என்பதால் அவர் மீதும் குற்றமில்லை. மூன்றாவது பத்தி என்னைப் பற்றியது. முறைப்படி இல்லாத படிவத்துக்கு வெப்பமானியை வழங்க மறுத்த தலைமைக் குமாஸ்தாவின் செயல் விதிகளுக்கு முற்றிலும் உட்பட்டது, பாராட்டத்தக்கது.

அதை இரண்டு முறை படித்தேன். திட்டு வாங்கத் தயாராக இருந்தவனுக்குப் பாராட்டு எவ்வளவு பெரிய தண்டனை என்று அன்று தெரிந்தது. நகல் எடுத்து, சாப்பு குத்தி, மதிய இடைவேளையில் பாசாருக்கு நடந்தேன். விரதம் முடித்த கூட்டம் கடையை மொய்த்துக்கொண்டிருந்தது. பாக்கியம் கையைத் துடைத்துக்கொண்டு, "படிச்சிக் காட்டு கிராணி," என்றார்.

மூன்று பத்தியையும் தமிழில் சொன்னேன்.

"எம் மேல தப்பில்ல."

"இல்ல."

"ஐயா மேலயும் இல்ல. ஒம் மேலயும் இல்ல."

"இல்லன்னு எழுதியிருக்காங்க."

அவர் ஒரு கோழியின் காலைப் பிடித்துத் தூக்கி, அதன் முகத்தை உற்றுப் பார்த்தார். "அப்ப நீதான்டி வேகாமப் போயிட்ட," என்றார்.

வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். கடிதத்தை அவர் கடையில் மாட்டவில்லை. இனி அதற்கு வேலையில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அலுவலகம் திரும்பியதும் முதல் வேலையாக அலமாரியைத் திறந்து வெப்பமானியை எடுத்து, படிவம் கேட்காமல், துரைசிங்கத்தின் மேசை மீது வைத்தேன். பிறகு கடிதத்தைக் கோப்பில் கோத்து, ஓரத்தில் பெறப்பட்ட நாளை எழுதினேன்: தைப்பூசத்துக்கு மறுநாள்.